பள்ளியில் வழிகாட்டும் ஆசிரியர்: அவருக்குரிய பயிற்சி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஒருவர் சில வாரங்களுக்குள் எடுக்கும் முடிவு, பின்னால் மாற்றிக்கொள்ளக் கடினமானது. கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப், கணினி அறிவியல் குரூப், காமர்ஸ், தொழிற்கல்விப் பிரிவு ஆகியவற்றில் ஒன்றை அவர் எடுக்கலாம்; பள்ளியை விட்டுப் பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐ.க்கோ போகலாம். காமர்ஸ் எடுத்தவருக்கு நீட் தேர்வின் வாசல் ஏறத்தாழ மூடிவிடுகிறது. கணக்கை விட்டவருக்குப் பொறியியலின் பெரும்பாலான பிரிவுகள் கிடைப்பதில்லை. இவ்வளவு எடையுள்ள முடிவு பல பள்ளிகளில் மதிப்பெண் வரிசைப்படி நடந்தேறுகிறது. கூடுதல் மதிப்பெண் பெற்றவர் முதல் குரூப்புக்குப் போகிறார், அடுத்தவர் அடுத்ததற்கு, மிஞ்சியவர்கள் மிஞ்சிய இடங்களுக்கு. மாணவரின் விருப்பம், திறன், வீட்டு நிலைமை ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்து அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசும் ஒருவர் அந்த வாரங்களில் பள்ளியில் இருப்பது அரிது. அப்படி ஒருவரை உருவாக்குவதே வழிகாட்டல் பயிற்சியின் நோக்கம்.

வழிகாட்டல் பணியைக் கல்வி சார்ந்தது, தொழில் சார்ந்தது, தனிவாழ்வு சார்ந்தது என்று பாடநூல்கள் மூன்றாகப் பிரிக்கின்றன. ஆனால் மாணவர் அப்படிப் பிரித்துக்கொண்டு வருவதில்லை. பாலிடெக்னிக்கில் எந்தப் பிரிவு நல்லது என்று கேட்கும் பையனின் மனத்தில் அப்பாவின் கடன் இருக்கும். நர்சிங் படிக்க வேண்டும் என்று சொல்லும் மாணவியின் வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். தொழில் தகவலை மட்டும் கற்றுக்கொண்ட ஆசிரியர் கேள்விக்கு விடை சொல்லி அனுப்பிவிடுவார். கேள்விக்குப் பின்னால் இருப்பது அவர் காதில் விழாது. மூன்றையும் சேர்த்துக் கற்பிக்காத பயிற்சி அரைகுறைப் பயிற்சியே.

இந்தத் துறை பள்ளிக்கு வெளியே பிறந்தது. 1908-ல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டல் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஒருவர் தம்மை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்து ஆராய்தல் என்ற மூன்று படிகளை அவர் வகுத்தார். அந்த ஆண்டிலேயே அவர் இறந்துபோனார். அவருடைய நூல் 1909-ல் வெளிவந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பணி பள்ளிக்குள் வந்தது. பார்சன்ஸின் நிலையத்துக்குப் பின்னர் பொறுப்பேற்ற மெயர் புளூம்ஃபீல்டு என்பவரின் முயற்சியால் பாஸ்டன் பள்ளிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு தரப்பட்டது. பொறுப்பைத் தந்த பிறகுதான் அவர்களுக்குப் பயிற்சி இல்லை என்பது தெளிவாயிற்று. 1911-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புளூம்ஃபீல்டு இதற்கென ஒரு படிப்பை நடத்தினார். பொறுப்பு முதலில், பயிற்சி பிறகு என்ற அந்த வரிசை அதன்பின் பல நாடுகளிலும் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அது பெரிய அளவில் சரிசெய்யப்பட 1958 வரை ஆயிற்று. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவிய மறு ஆண்டில் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், பள்ளி ஆலோசகர்களுக்குப் பயிற்சி தரும் நிலையங்களுக்கு நிதி ஒதுக்கியது. அறிவியல் திறமை உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்ற அரசின் அவசரமே அதற்குக் காரணம். பிள்ளைகளின் நலன் அதன் பக்கவிளைவாகக் கிடைத்தது.

இந்தியாவில் இதன் தொடக்கம் உளவியல் ஆய்வகங்களில் நிகழ்ந்தது. 1938-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு உளவியல் துறையில் தொழில் வழிகாட்டல் பிரிவு ஏற்பட்டது. 1941-ல் பம்பாயில் பாட்லிபாய் என்ற ஓய்வுபெற்ற கணக்காயர் தனிமுயற்சியாக ஒரு நிலையம் நடத்தினார். 1947-ல் அலகாபாத்தில் அரசின் உளவியல் நிலையம் எழுந்தது. இவை எல்லாம் நகரத்து நிறுவனங்கள்; விவரம் தெரிந்த பெற்றோர் தேடிச் சென்ற இடங்கள். பள்ளிக்குள்ளேயே வழிகாட்டல் வேண்டும் என்று தீவிரமாக யோசித்தது 1952-53-ல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அதன் தலைவர். பள்ளிகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலர்களும் தொழில் வழிகாட்டி ஆசிரியர்களும் இருக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அவர்களுக்குப் பயிற்சி தரும் நிலையங்களை நாட்டின் பல பகுதிகளிலும் மத்திய அரசே தொடங்க வேண்டும் என்றும் சொன்னது. 1954-ல் மத்தியக் கல்வி, தொழில் வழிகாட்டல் நிலையம் டெல்லியில் அமைந்தது. 1961-ல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி. உருவானபோது அப்பணி அதனோடு சேர்ந்தது.

1964-66-ல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவின் அறிக்கை இதைவிட நடைமுறைத் தெளிவு உள்ளது. வழிகாட்டல் தொடக்கப் பள்ளியின் அடிவகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்று அது சொன்னது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆலோசகரை நியமிக்கப் பணம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டது. எனவே அருகருகே உள்ள பத்துப் பள்ளிகளுக்கு வந்துபோகும் ஆலோசகர் ஒருவர் வேண்டும். எளிய பணிகளைப் பள்ளி ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்காக எல்லா இடைநிலை ஆசிரியர்களும் பணிக்கு முன்னரோ பணிக்காலத்திலோ வழிகாட்டலின் அடிப்படைகளைக் கற்றிருக்க வேண்டும். இந்தப் பங்கீட்டைவிடச் சிறந்த திட்டம் ஒன்று அறுபது ஆண்டுகளாகியும் முன்வைக்கப்படவில்லை. இதுவும் முழுமையாக நிறைவேறவில்லை. ஆசிரியருக்கு எவ்வளவு பயிற்சி, எந்த வகைப் பயிற்சி என்ற கேள்விக்கு விடை இந்தப் பங்கீட்டிலேயே இருக்கிறது. எல்லா ஆசிரியருக்கும் ஓரளவு வேண்டும். பள்ளிக்கு ஓரிருவருக்கு ஆழமாக வேண்டும். அதற்கு மேற்பட்டது உளவியலாளரின் வேலை. இம்மூன்றையும் குழப்பிக்கொண்டு, எல்லாருக்கும் இரண்டு நாள் பயிலரங்கு நடத்திவிட்டு எல்லாரையும் ஆலோசகர் என்று அழைப்பதுதான் இப்போது நிகழும் பெரிய தவறு.

முதல் நிலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பி.எட். படிப்பில் வழிகாட்டல் பெரும்பாலும் ஓர் அலகாகவோ விருப்பப் பாடமாகவோ இருக்கிறது. வகைகளையும் வரையறைகளையும் மனப்பாடம் செய்து எழுதும் பகுதியாகவே அது முடிந்துவிடுகிறது. வகுப்பாசிரியருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு. தொடர்ந்து வராமல் போகும் பிள்ளையைக் கவனித்தல், திடீரென்று மதிப்பெண் சரிந்தவரைத் தனியே கூப்பிட்டு விசாரித்தல், தம் பாடம் எந்தெந்த வேலைகளில் பயன்படுகிறது என்பதைப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லுதல், தம்மால் முடியாததைப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் உரிய நேரத்தில் ஒப்படைத்தல் ஆகியவையே அவர் வேலை. இவற்றை இரண்டாண்டு பி.எட். காலத்தில், பள்ளிகளில் செய்யும் கற்பித்தல் பயிற்சியோடு சேர்த்துப் பழக்க முடியும்.

இரண்டாம் நிலைக்கு இந்தியாவில் உள்ள முழுமையான மாதிரி என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல், ஆலோசனைப் பட்டயப் படிப்பு. பணியில் உள்ள ஆசிரியர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட ஓராண்டுப் படிப்பு இது. முதல் ஆறு மாதம் ஆசிரியர் தம் பள்ளியில் பணியாற்றிக்கொண்டே தொலைநிலையில் படிக்கிறார். அடுத்த மூன்று மாதம் பயிற்சி மையத்தில் நேரடி வகுப்பு. கடைசி மூன்று மாதம் தம் ஊரிலேயே மேற்பார்வையுடன் களப்பயிற்சி. டெல்லியிலும், அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூரு ஆகிய இடங்களில் உள்ள வட்டாரக் கல்வி நிறுவனங்களிலும், ஷில்லாங்கிலும் இதற்கான மையங்கள் செயல்பட்டு வந்துள்ளன. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு அருகில் உள்ளது மைசூரு. இந்தப் படிப்பின் பலம் அதன் கால அடுக்கில் இருக்கிறது. கோட்பாட்டை வீட்டில் படிக்கலாம். உரையாடும் திறனை நேரில் பழகாமல் பெற முடியாது. பழகியதைச் சொந்தப் பள்ளியில் சோதித்துப் பார்க்காமல் அது நிலைக்காது. மூன்று கட்டங்களும் அந்த ஒழுங்கில் வருகின்றன. அதன் பலவீனம் அளவு. ஒரு மையத்தில் ஆண்டுக்குச் சில பத்துப் பேர் மட்டுமே பயில முடியும்; தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் எண்ணிக்கையோ ஆயிரக்கணக்கில்.

நேரடிப் பயிற்சியின் நடுநாயகமாக இருக்க வேண்டியது கேட்கும் பயிற்சி. ஆசிரியரின் தொழில் சொல்லித் தருவது. ஒரு கேள்வி வந்தவுடன் விடை சொல்வதும், தவறு தெரிந்தவுடன் திருத்துவதும், அமைதி நேர்ந்தால் அதைப் பேச்சால் நிரப்புவதும் பல ஆண்டுகளில் அவருக்குள் ஊறிப்போனவை. வகுப்பறையில் இவை நல்ல குணங்கள். ஆலோசனை அறையில் ஒவ்வொன்றும் தடை.

ஒரு மாணவர் வந்து, "எனக்குக் கணக்கு வராது சார், ஐ.டி.ஐ. போயிடலாம்னு இருக்கேன்" என்று சொல்வதாகக் கொள்ளலாம். பயிற்சி பெறாத நல்ல ஆசிரியர், "யார்ப்பா சொன்னது வராதுன்னு? முயற்சி பண்ணினா வரும்" என்று தைரியம் சொல்வார். இன்னொருவர் "ஐ.டி.ஐ.யும் நல்லதுதான், எலக்ட்ரீஷியன் எடு" என்று வழி சொல்வார். இருவரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். இருவருமே உரையாடலை முடித்துவிடுகிறார்கள். பயிற்சி பெற்றவர் "கணக்கு வராதுன்னு எப்பலேர்ந்து தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். ஒன்பதாம் வகுப்பில் பாதி நாள் வேலைக்குப் போனது அப்போது வெளிவரலாம். அண்ணன் கல்லூரியை விட்டு நின்றது வரலாம். ஐ.டி.ஐ. மீது உண்மையான ஆசை இருப்பதும், அதைக் கௌரவக் குறைவாக நினைப்பார்கள் என்று பயந்து கணக்கைச் சாக்காகச் சொன்னதும் வரலாம். மூன்றும் மூன்று வேறு வழிகாட்டலைக் கோருபவை. முதல் பதிலைச் சொல்லியிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

இதை விரிவுரையால் கற்பிக்க முடியாது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1940-களிலேயே தம் மாணவர்களின் ஆலோசனை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, வரிவரியாக ஆராயும் முறையைக் கையாண்டார். நிபந்தனையற்ற மதிப்பு, ஒத்துணர்வு, ஆலோசகரின் உண்மைத்தன்மை என்று அவர் வலியுறுத்திய பண்புகள் எல்லாப் பாடநூல்களிலும் இடம்பெற்றுவிட்டன. அவருடைய பயிற்சி முறை அந்த அளவுக்குப் பரவவில்லை. மூவர் மூவராக அமர்ந்து ஒருவர் மாணவராகவும் ஒருவர் ஆலோசகராகவும் ஒருவர் பார்வையாளராகவும் மாறி மாறிப் பழகுவது எளிய வடிவம். பதிவைத் திரும்பக் கேட்கும்போது பத்து நிமிட உரையாடலில் தாமே ஏழெட்டு நிமிடம் பேசியிருப்பதை ஆசிரியர்கள் காண்பது வழக்கம். எவரும் குறை சொல்லாமலே அவர்கள் மாறத் தொடங்கும் இடம் அதுதான். அந்த மாற்றம் ஒரே நாளில் நிலைப்பதில்லை. அடுத்த நாள் வகுப்பறைக்குப் போனதும் பழைய பழக்கம் திரும்பிவிடும். ஆகவே பயிற்சி மாதக்கணக்கில், இடைவெளி விட்டு விட்டு நடக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் பயிலரங்கு போதாமல் போவது இதனால்தான்.

பயிற்சியின் அடுத்த பெரிய பகுதி தொழில், படிப்பு பற்றிய தகவல். தேசியத் தொழில் வகைப்பாட்டின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு, அதே ஆண்டு தொடங்கிய தேசியத் தொழில் சேவைத் தளம் ஆகியவற்றைப் பயன்படுத்தப் பழக்குவது தேவைதான். ஆனால் வழிகாட்டியின் மதிப்பு, பொதுத் தகவலை ஒரு குறிப்பிட்ட மாணவரின் சூழலோடு இணைத்துப் பார்ப்பதில் தெரியும். தமிழ்நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த அரசுப் பள்ளி மாணவியை, மருத்துவம் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில், கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்பு சேர்க்கும் பெற்றோர் உண்டு. சேர்த்த அன்றே அந்தப் பெண் உள்ஒதுக்கீட்டுத் தகுதியை இழக்கிறாள். எந்த ஆசையால் பள்ளியை மாற்றினார்களோ அந்த ஆசைக்கே அது தடையாகிறது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உதவியும் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைப் பொறுத்தே கிடைக்கிறது. இதை மே மாதத்தில் சொன்னால் பயன். ஆகஸ்டில் சொன்னால் வருத்தம் மட்டுமே மிஞ்சும்.

ஐ.டி.ஐ. பற்றிய தகவலும் இப்படியே. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. என்றால் படிப்பு முடிந்தது என்று எண்ணும் குடும்பத்துக்கு இந்த ஏறுவழி தெரிந்தால் முடிவின் தன்மையே மாறும். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் பயிற்சி பெற முடியும் என்பதும் பலருக்குத் தெரியாது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. எனவே தகவலை மனப்பாடமாகக் கொடுக்கும் பயிற்சி ஓராண்டில் காலாவதியாகும். எங்கே தேடுவது, அரசாணையையும் சேர்க்கை விளக்கக் குறிப்பேட்டையும் எப்படிப் படிப்பது, எந்தத் தேதியிட்ட தகவல் என்று குறித்துவைப்பது ஆகியவற்றையே பழக்க வேண்டும். தம் பள்ளியைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் இருக்கும் தொழில்களை நேரில் கணக்கெடுப்பது பயிற்சி பெறுபவருக்கு நல்ல பணி. திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளியின் ஆசிரியர் பின்னலாடை ஆலையின் தையல், சாயம், தரச்சோதனை, ஏற்றுமதிக் கணக்கு ஆகிய வேலைகளுக்கு என்ன படிப்பு, என்ன சம்பளம், எவ்வளவு காலத்தில் உயர்வு என்பதைக் கேட்டு எழுதி வந்தால், எந்த அச்சிட்ட கையேடும் தர முடியாத ஒன்றைத் தம் மாணவர்களுக்குத் தர முடியும்.

உளச்சோதனைகளைப் பற்றி ஆசிரியர்களிடம் மிகுந்த ஆர்வமும், விற்பவர்களிடம் மிகுந்த வாக்குறுதிகளும் இருக்கின்றன. ஆர்வத்தையும் நாட்டத்தையும் அளக்கும் சோதனைகள் பயனுள்ளவைதான். செய்முறை, ஆய்வு, கலை, சமூகம், முனைவு, ஒழுங்கமைப்பு என்று உளவியலாளர் ஜான் ஹாலண்ட் பிரித்த ஆறு வகைகள் மாணவரோடு பேச்சைத் தொடங்க நல்ல வாய்ப்பைத் தருகின்றன. சி.பி.எஸ்.இ.யும் என்.சி.இ.ஆர்.டி.யும் சேர்ந்து ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு உருவாக்கிய தமன்னா என்ற நாட்டச் சோதனை ஏழு கூறுகளைத் தனித்தனியே காட்டுகிறது; தேர்ச்சி, தோல்வி என்று முத்திரை குத்துவதில்லை. ஆனால் ஒரு சோதனையின் மதிப்பெண்ணுக்குப் பொருள், அது யாரோடு ஒப்பிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. நகரத்து ஆங்கிலவழி மாணவர்களைக் கொண்டு தரப்படுத்திய சோதனையை, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குக் கொடுத்தால், அது அந்தப் பிள்ளையின் நாட்டத்தைவிட அவருக்குக் கிடைக்காத வாய்ப்புகளையே அளந்து காட்டும். நம்பகத்தன்மை, ஏற்புடைமை, ஒப்பீட்டு அளவுகள் ஆகிய மூன்றையும் ஆசிரியர் கற்பது சோதனை நடத்துவதற்காக மட்டும் அன்று. எந்தச் சோதனையை நடத்த மறுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் கூட. கைரேகையைக் கொண்டு மூளைத்திறனைக் கண்டறிவதாகச் சொல்லிப் பள்ளிகளுக்கு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் துணிவு பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு இருக்க வேண்டும். அந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

கோட்பாட்டுப் பாடங்களில் இந்தியச் சூழலுக்கு மிகவும் வெளிச்சம் தருவது அமெரிக்க உளவியலாளர் லிண்டா காட்ஃப்ரட்சன் 1981-ல் முன்வைத்த கருத்து. பிள்ளைகள் எதிர்காலத் தொழிலைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவதற்கு நெடுநாள் முன்பே பல தொழில்களை விலக்கிவிடுகிறார்கள் என்கிறார் அவர். ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வயதுக்குள் இது ஆண் வேலை, இது பெண் வேலை என்று விலக்குகிறார்கள். ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள் தம் குடும்பத்தின் சமூக நிலைக்குப் பொருந்தாதவை என்று தோன்றுபவற்றை விலக்குகிறார்கள். பத்தாம் வகுப்பில் ஆசிரியர் முன்னால் வைக்கும் பட்டியலில் பாதி, அந்த மாணவரின் மனத்தில் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருக்கும். சாதியும் பாலினமும் தொழிலோடு இறுகப் பிணைந்த சமூகத்தில் இது எவ்வளவு ஆழமாகப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. பெங்களூரைச் சேர்ந்த கிடியன் அருள்மணி, இந்திய மாணவர்களின் தொழில் குறித்த நம்பிக்கைகளை ஆராய்ந்து, அவற்றைக் கவனிக்காத ஆலோசனை பயன் தராது என்று காட்டியவர். சோனாலி நாக் அருள்மணியோடு சேர்ந்து 2004-ல் அவர் வெளியிட்ட கையேடு இத்துறையில் இந்திய அனுபவத்திலிருந்து எழுந்த முக்கியமான நூல். "நம்மளுக்கெல்லாம் அது எதுக்கு?" என்று மாணவர் சொல்லும்போது அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்ளாமல், எங்கிருந்து வந்த நம்பிக்கை என்று ஆராயும் கண் ஆசிரியருக்கு வேண்டும். அந்தக் கண் தம்மையும் பார்க்க வேண்டும். இந்தப் பையனுக்கு இது போதும் என்று ஆசிரியர் தமக்குள்ளேயே முடிவு செய்வது எந்தச் சாதியை, எந்தத் தெருவை நினைத்து என்பதைப் பயிற்சியின்போது வெளிப்படையாகப் பேச வைக்கும் பயிற்றுநர்கள் குறைவு. பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இதைத் தொடாத பயிற்சி நேர்மையானது ஆகாது.

வழிகாட்டி ஆசிரியரின் எல்லைகள் பயிற்சியில் தனியிடம் பெற வேண்டும். ஒரு மாணவி தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், அதை இரகசியமாக வைத்துக்கொள்வதாக ஆசிரியர் வாக்களிக்க முடியாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. தற்கொலை எண்ணத்தை மாணவர் வெளியிட்டாலும் இரகசியம் காப்பது பொருந்தாது. எனவே உரையாடல் தொடங்கும்போதே, பேசுவது வெளியே போகாது என்பதோடு, உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து என்றால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவதாகும் என்ற பயம் ஆசிரியர்களிடம் பரவலாக உள்ளது. அது தவறு, கேட்பதே பாதுகாப்பு. கேட்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் பயிற்சி தேவை. மாணவரைத் தனியே விடாமை, பெற்றோருக்குச் சொல்லும் முறை, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்புதல், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஆகியவற்றைப் பயன்படுத்துதல் ஆகியவை ஒத்திகை பார்த்துப் பழக வேண்டியவை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுக்தேப் சாஹா வழக்கில் வகுத்த நெறிமுறைகள், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கின்றன. பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சியையும் கோருகின்றன. இது நிறைவேறினால் ஆசிரியர் தாங்க வேண்டிய சுமை அவர் அளவுக்குக் குறையும்.

மற்றோர் எல்லை ஆசிரியர் என்ற பதவியிலேயே இருக்கிறது. மதிப்பெண் போடுபவரும், ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவரும், மனத்தைத் திறந்து பேசச் சொல்பவரும் ஒரே ஆளாக இருப்பது மாணவருக்குச் சங்கடம். வழிகாட்டி ஆசிரியருக்கு ஒழுங்குக் குழுவில் இடம் தராமல் இருப்பதும், தம் வகுப்பு மாணவரை முடிந்தவரை வேறொரு வழிகாட்டியிடம் அனுப்புவதும் நல்ல ஏற்பாடுகள். மாணவர் சொன்னதை ஆசிரியர் அறையில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடும் ஒருவர், அந்தப் பள்ளியில் வழிகாட்டலையே பல ஆண்டுகளுக்குக் கொன்றுவிடுகிறார்.

தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம், உயர்கல்வி வழிகாட்டலை அரசுப் பள்ளிகளின் அன்றாடப் பணியாக்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரிக்கு விண்ணப்பிக்காதவர்களைத் தேடிப் பிடிக்கும் உயர்வுக்குப் படி முகாம்கள் அதன் தொடர்ச்சி. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் அரசுப் பள்ளி மாணவர்களை எட்டிய வழிகாட்டல் முயற்சி இம்மாநிலத்தில் முன்பு இருந்ததில்லை என்பதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். தகவல் கொடுப்பதில் அது வலுவானது. தனியொரு மாணவரோடு உட்கார்ந்து பேசும் திறனில் ஆசிரியர்களைத் தேர்ச்சி பெறச் செய்வது குறுகிய காலப் பயிற்சிகளால் நடவாது. அதற்கான நிறுவனம் புதிதாகத் தேவையில்லை. மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்களில் ஒரு வழிகாட்டல் பிரிவை அமைத்து, என்.சி.இ.ஆர்.டி.யின் மூன்று கட்ட முறையைத் தமிழில் நடத்தலாம். அங்கே பயின்ற ஒருவரை, கோத்தாரி குழு சொன்னபடி, பத்துப் பள்ளிகளுக்குப் பொறுப்பாக்கலாம்.

பயிற்சி முடிந்த பிறகு நேர்வதே பல திட்டங்களை வீணாக்கியிருக்கிறது. பட்டயம் பெற்று வந்த ஆசிரியருக்கு வாரத்துக்கு முப்பது பாடவேளையும் தேர்தல் பணியும் இருந்தால், அவர் கற்றது சான்றிதழோடு நின்றுவிடும். கால அட்டவணையில் அவருக்கு வாரத்துக்கு ஐந்தாறு வேளை ஒதுக்க வேண்டும். கதவு மூடிப் பேச ஓர் அறை வேண்டும். இடமாற்றக் கலந்தாய்வில் அவர் வேறு பள்ளிக்குப் போனால் பழைய பள்ளி வெறுமையாகிவிடுவதால், ஒரு பள்ளிக்கு இருவராகப் பயிற்றுவதே பாதுகாப்பு. மாதம் ஒருமுறை வட்டாரத்தின் வழிகாட்டி ஆசிரியர்கள் ஒன்றுகூடி, பெயர் மறைத்துத் தம் கடினமான நேர்வுகளை ஒரு மூத்த ஆலோசகர் முன் பேச வேண்டும். பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவருக்கு அது தேவையான ஆறுதலும் ஆகும்.

பயிற்சி பெறுபவரை மதிப்பிடும் முறையும் இதற்கேற்ப இருக்க வேண்டும். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு வரையறைகளை நினைவில் வைத்திருப்பவரைக் காட்டுமே தவிர, கேட்கத் தெரிந்தவரைக் காட்டாது. பெற்றோர், மாணவர் ஒப்புதலோடு பதிவு செய்த உரையாடல்களும் அவற்றைப் பற்றிப் பயிற்சி பெறுபவரே செய்த ஆய்வும், நீண்ட காலம் பின்தொடர்ந்த சில தனியாள் ஆய்வுகளும், வட்டாரத் தொழில் கணக்கெடுப்பும், பெற்றோர் கூட்டம் ஒன்றை நடத்திய விதமும் சேர்ந்த தொகுப்பே ஏற்ற சான்று. அதனோடு இன்னொன்றும் சேர்ந்தால் நல்லது. அவர் வழிகாட்டிய மாணவர்கள் ஓராண்டுக்குப் பின் எங்கே இருக்கிறார்கள், சேர்ந்த படிப்பில் தொடர்கிறார்களா, விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்பதைத் தொலைபேசியில் கேட்டுக் குறித்த பதிவேடு அது. மாணவர்களின் தொடர் விவரங்கள் அடங்கிய பள்ளியின் திரள் பதிவேட்டோடு அதை வைத்தால், அடுத்த ஆண்டு அதே பள்ளியில் குரூப் தேர்ந்தெடுக்க வரும் மாணவரோடு பேசுவதற்கு அந்த ஆசிரியரிடம் அந்த ஊரின் சொந்த விவரமே கையில் இருக்கும்.